அல்கார்வ் கோல்ஃப்: வளர்ச்சி, புல், தண்ணீர், பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகலின் தென்கோடிக் கடற்கரைப் பகுதி அல்கார்வ். பரப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வரை மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் அத்தி, பாதாம் தோப்புகளும்தான் இங்கே பிழைப்பு. இன்று சுமார் 40 கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 10 லட்சம் சுற்றுகளுக்கு மேல் ஆடப்படுகின்றன. இந்த வளர்ச்சி எப்படி வந்தது, மைதானத்தை எது உயிரோடு வைத்திருக்கிறது, ஆடப் போகிறவர் என்ன பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பக்கம்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்குச் சில சொற்கள்: முதல் அடி அடிக்கும் மேடை டீ. குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை கிரீன். இரண்டுக்கும் நடுவே உள்ள வெட்டிய புல்பாதை ஃபேர்வே. அதன் ஓரங்களில் உயரமாக விட்ட புல் ரஃப். மணல் பள்ளம் பங்கர். 18 குழிகளையும் ஆடி முடிப்பது ஒரு சுற்று.

சின்னப் பகுதி, எதற்கு இத்தனை மைதானங்கள்?

குளிர்காலத்துக்காக. வெயில் இருப்பதால் கோல்ஃப் வளர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வெயில் உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் இங்கே கோல்ஃப் மந்தம். அந்த இரண்டு மாதமும் விடுதிகளைக் கடற்கரையே நிரப்பிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை காலியாகக் கிடக்கும் அறைகளை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் கோல்ஃப் பொருந்தியது.

ஃபாரோ நகரில் ஜனவரி பகல் வெப்பநிலை 16 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் 8 டிகிரி. வடக்கே உள்ள மொன்சீக், கல்தெய்ரவ் மலைத்தொடர்கள் வாடைக்காற்றைத் தடுக்கின்றன. அதே மாதத்தில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் மைதானங்கள் சேறாகவோ பனி மூடியோ கிடக்கும். மான்செஸ்டரில் விமானம் ஏறினால் மூன்று மணி நேரத்தில் ஃபாரோ. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்த நாடுகளிலிருந்து வருவதற்குக் காரணம் இதுவே.

போர்ச்சுகலில் கோல்ஃப் எப்போது தொடங்கியது?

அல்கார்வில் அல்ல, வடக்கே. போர்ட்டோ நகரின் ஒயின் வணிகத்தில் இருந்த பிரிட்டிஷார் 1890-இல் எஸ்பின்யோ கடற்கரையில் ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்று அது. பிறகு லிஸ்பனுக்கு அருகே எஷ்டோரில் பகுதியில் மைதானம் வந்தது. அதன் பின் நெடுங்காலம் பெரிய மாற்றம் இல்லை. அல்கார்வுக்குப் போவதே பாடாக இருந்த காலம்.

1965-இல் ஃபாரோ விமான நிலையம் திறந்தது. அடுத்த ஆண்டே, 1966-இல், போர்ட்டிமாவ் நகருக்கும் லாகோஸ் நகருக்கும் இடையே பெனினா மைதானம் திறந்தது. அமைத்தவர் 1934, 1937, 1948 ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற ஹென்றி காட்டன். 1968-இல் வாலே டோ லோபோ, அதுவும் காட்டன் கைவண்ணமே. 1969-இல் ஃபிராங்க் பென்னிங்க் வடிவமைத்த விலமோரா. 1974-இல் வில்லியம் மிட்செல் வடிவமைத்த கின்ட்டா டோ லாகோ. விமான நிலையம் வந்து பத்தே ஆண்டுக்குள் இன்றைய அல்கார்வ் கோல்ஃபின் முதுகெலும்பு உருவாகிவிட்டது.

பெனினா நெல்வயலில் கட்டப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தாழ்வான, தண்ணீர் தேங்கும் நெல் நிலம். மைதானத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடைப்பது கடினம். காட்டன் இரண்டு வழிகளில் அதைச் சமாளித்தார். வாய்க்கால்கள் வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே டீ மேடைகளையும் கிரீன்களையும் உயர்த்தினார். தண்ணீரை உறிஞ்சட்டும் என்று தைல மரம் உட்பட லட்சக்கணக்கில் மரங்களும் செடிகளும் நடவைத்தார். மரமே இல்லாத வெட்டவெளி இருபது ஆண்டில் தோப்பானது. இன்றும் பெனினாவில் ஆடுகிறவர்கள் வாய்க்கால்களில் பந்தை இழப்பது அந்தப் பழைய வயலின் மிச்சத்தால்தான்.

காட்டனின் மட்டைப் பையைச் சுமந்தது பசீஃபிக்கோ என்ற கழுதை. 1987 டிசம்பரில் காலமான காட்டன், பெனினாவுக்கு அருகிலுள்ள மெஷில்யோய்ரா கிராண்டே ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

1974 புரட்சியின்போது கோல்ஃப் என்ன ஆனது?

சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு சில ஆண்டுகள் வெளிநாட்டுப் பயணிகள் குறைந்தார்கள், முதலீடு நின்றது, பராமரிப்பு தளர்ந்தது. காட்டனும் சில காலம் வெளியேறிப் பிறகு திரும்பினார். 1986-இல் போர்ச்சுகல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் பணம் மீண்டும் வரத் தொடங்கியது.

இரண்டாவது அலை எப்படி வந்தது?

சாலையும் மலிவு விமானமும் கொண்டுவந்தன. 1991-இல் குவாதியானா ஆற்றின் மேல் பாலம் திறந்து ஸ்பெயினோடு நேரடிச் சாலை கிடைத்தது. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து குறைந்த கட்டண விமானங்கள் வந்தன. 2002-இல் லிஸ்பனிலிருந்து நெடுஞ்சாலை முழுமையானது. 2019-இல் ஃபாரோ விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 90 லட்சம் பேர்.

மைதானங்களும் அதே வேகத்தில் பெருகின. 1988-இல் ஜோசப் லீ வடிவமைத்த சான் லொரென்ஸோ, 2004-இல் ஆர்னால்ட் பால்மர் வடிவமைத்த விலமோரா விக்டோரியா, 2007-இல் கிழக்குக் கோடியில் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த மோன்டே ரே. விக்டோரியா மைதானத்தில் 2005-இல் உலகக் கோப்பை நடந்தது, வேல்ஸ் வென்றது. 2007 முதல் 2022 வரை போர்ச்சுகல் மாஸ்டர்ஸ் போட்டியும் அங்கேயே. ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரின் வரலாற்றில், ஒரு சுற்றை 59 முறை மட்டும் அடித்து முடித்த முதல் ஆட்டத்தை ஆலிவர் ஃபிஷர் 2018 செப்டம்பரில் அந்தப் போட்டியில்தான் ஆடினார். நான்கு நாள் தொலைக்காட்சி ஒளிபரப்பு எந்த விளம்பரத்தையும்விட அதிக வேலை செய்தது. அக்டோபரில் லண்டன் நனைந்து நடுங்கியபோது திரையில் இங்கே அரைக்கைச் சட்டையோடு ஆடினார்கள்.

மைதானத்துக்கு உண்மையான வருமானம் எது?

பல மைதானங்களுக்கு முதல் வருமானம் மனை. ஃபேர்வேயை ஒட்டிய வீட்டு மனைக்கு விலை கூடும். அந்த விற்பனைதான் மைதானம் கட்டிய கடனை அடைக்கும். சிக்கல் அதன் பிறகு வருகிறது. மனை விற்று முடிந்ததும் வருமானம் நின்றுவிடும். புல் வெட்டும் செலவு நிற்காது. ஆட்டக் கட்டணத்தைக் கொண்டே வண்டி ஓட வேண்டிய நிலை வரும்போது, மனை விற்பதற்காக மட்டும் கட்டிய மைதானங்கள் தள்ளாடும். அவற்றில் ஒரு கிரீனுக்கும் அடுத்த டீக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் இருக்கும். நடந்து ஆட முடியாது, பராமரிப்பு வண்டிக்கும் எரிபொருள் கூடும். 2008 நிதி நெருக்கடியில் அப்படிப்பட்ட பல திட்டங்கள் பாதியில் நின்றன. ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்துக் கட்டிய பழைய மைதானங்கள் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தன. புதிதாகத் திட்டமிடுகிறவர்கள் படிக்க வேண்டிய முதல் பாடம் இது என்பது எங்கள் உறுதியான கருத்து.

18 குழி மைதானம் ஒன்றைக் கட்ட என்ன வேண்டும்?

நிலம் சுமார் 60 ஹெக்டேர். அதில் தண்ணீர் பாய்ச்சும் பரப்பு 30 முதல் 40 ஹெக்டேர். தண்ணீர் உரிமைக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கும் ஆகும் காலம், மண் வேலைக்கு ஆகும் காலத்தைவிட நீளும். இந்தப் பகுதியில் தண்ணீர் ஆதாரம் உறுதியாகாமல் வரைபடத்தைத் தொடுவது வீண்.

வேலை வரிசை இப்படி: மேல்மண்ணைச் சீவித் தனியே குவிப்பது, நிலத்தை வடிவமைப்பது, வடிகால், நீர்ப்பாசனக் குழாய், கிரீன்கள், பங்கர்கள், மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவது, கடைசியாகப் புல். மேல்மண்ணைத் தனியே வைக்காமல் கலந்துவிட்டால் சுண்ணாம்புக் களிமண் மேலே வந்துவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் புல் மஞ்சளாகவே நிற்கும்.

மிகுந்த கவனம் கேட்பது கிரீன். ஒவ்வொன்றும் 500 முதல் 600 சதுர மீட்டர். எல்லாம் சேர்த்து ஒரு ஹெக்டேர்தான். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி அடியில் 10 செ.மீ. விட்டமுள்ள வடிகால் குழாய்கள், அதன் மேல் 10 செ.மீ. சரளை, அதன் மேல் 30 செ.மீ. தேர்ந்தெடுத்த மணல். மணலின் பருமனும் சரளையின் பருமனும் பொருந்த வேண்டும். பொருந்தினால், மணலுக்குள் தண்ணீர் ஓரளவு தொங்கி நின்று, நிறைந்த பிறகே சரளைக்குள் இறங்கும். பொருந்தாவிட்டால் நுண்மணல் சரளைக்குள் இறங்கி வடிகாலை அடைத்துவிடும். ஆய்வகச் சோதனை இல்லாமல் உள்ளூர்க் கடல் மணலை நிரப்பிய கிரீன்கள் சில ஆண்டில் தோண்டி எடுக்கப்படுவது இதனால்தான். விதை சதுர மீட்டருக்கு 5 முதல் 7 கிராம் போதும். அடர்த்தியாகத் தூவினால் நாற்றுகள் மெலிந்து பூஞ்சை பிடிக்கும்.

எந்தப் புல் போடுகிறார்கள்?

இரண்டு உலகம். கிரீன்களில் பெரும்பாலும் பென்ட் புல். குளிர்நாட்டுப் புல், 3 முதல் 4 மி.மீ. உயரத்தில் வெட்டினாலும் தாங்கும், பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ஃபேர்வேயில் பெர்முடா புல், அதாவது நம் ஊர் அருகம்புல்லின் இனம். வெட்டும் உயரம் 10 முதல் 13 மி.மீ. வெயிலையும் உப்பையும் தாங்கும், வெட்டுப்பட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

பெர்முடாவின் குறை குளிர். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்று பழுப்பேறும். அல்கார்வில் முழுதாக உறங்குவது அரிது, ஆனால் டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை நிறம் மங்கும். பணம் கொடுத்து வரும் பயணிகள் பச்சையை எதிர்பார்க்கும் மாதங்களும் அவைதான். அதனால் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் நடுவரை, பெர்முடாவின் மேலேயே ரை புல் விதையை ஹெக்டேருக்கு 300 முதல் 500 கிலோ தூவுவது வழக்கம். முளைக்கும் 7 முதல் 10 நாள் வரை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மெல்லத் தெளிக்க வேண்டும்; இரண்டு மூன்று வாரம், ஆட்டக்காரர்கள் ஏறிப் போகும் மின்வண்டி ஃபேர்வேக்குள் போகக் கூடாது.

இதில் நடக்கும் தவறு வசந்தத்தில் தெரியும். ரை புல்லை ஏப்ரலில் விட்டுவைத்தால் அது நிழல் போட்டு, கீழே எழும் பெர்முடாவை நெரிக்கும். பிறகு ஜூன் வெப்பத்தில் ரை புல் கருகும். பெர்முடாவும் தயாராக இல்லாமல் வெறும் மண் தெரியும். மார்ச்சிலிருந்தே வெட்டும் உயரத்தைக் குறைத்து, உரத்தைத் தள்ளிப்போட்டு, ரை புல்லைப் பலவீனப்படுத்த வேண்டும். சில மைதானங்கள் மேல்விதைப்பையே கைவிட்டு, பழுப்பைப் பழுப்பாக விடுகின்றன அல்லது புல்லுக்கான பச்சைச் சாயம் தெளிக்கின்றன. பந்து பழுப்புப் பெர்முடாவில் இன்னும் நன்றாக உருளும். தண்ணீரும் மிச்சம். எங்களுக்கு அதுவே சரியான வழி.

ஒரு மைதானம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஃபாரோவில் ஆண்டு மழை சுமார் 500 மி.மீ.; பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள். ஜூலை, ஆகஸ்டில் மழை இல்லை என்றே சொல்லலாம். ஜூலையில் நாளொன்றுக்கு ஆவியாதல் தேவை சுமார் 6.5 மி.மீ. பெர்முடா புல் அதில் 65 விழுக்காடு கேட்கும்: 4.2 மி.மீ. குளிர்நாட்டுப் புல்லாக இருந்தால் 85 விழுக்காடு: 5.5 மி.மீ. தெளிப்பானின் திறன் 80 விழுக்காடு என்று வைத்தால், திறக்க வேண்டியது முறையே 5.3 மி.மீ., 6.9 மி.மீ.

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10 கன மீட்டர். 35 ஹெக்டேருக்கு, பெர்முடா என்றால் நாளுக்குச் சுமார் 1,850 கன மீட்டர். குளிர்நாட்டுப் புல் என்றால் 2,400. முதல் எண்ணே, தலைக்கு 180 லிட்டர் வீதம், பத்தாயிரம் பேருடைய ஒரு நாள் தண்ணீர். ஆண்டு முழுவதுக்கும் 3 முதல் 4 லட்சம் கன மீட்டர் ஆகும். புல் வகையை மாற்றினாலே உச்சக் கோடையில் நாளுக்கு 550 கன மீட்டர் மிச்சப்படும் என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது.

அடுத்த சேமிப்பு பரப்பைக் குறைப்பதில். டீக்கு முன்னால் முதல் நூறு மீட்டரில் பந்து விழுவது அரிது. அங்கே புல் எதற்கு? ரஃப் ஓரங்களைத் தைம், சிஸ்டஸ் போன்ற உள்ளூர்ப் புதர்களுக்கு விட்டால் 35 ஹெக்டேர் 28 ஆகும். மூன்றாவது, மண் ஈரத்தை அளந்து பாய்ச்சுவது. கிரீன்களில் ஈரமானியைக் குத்தி, 15 விழுக்காட்டுக்குக் கீழே போன இடத்துக்கு மட்டும் கைக்குழாயால் தண்ணீர் விடுவார்கள். மணல் ஒருமுறை மிகவும் காய்ந்துவிட்டால் மெழுகு பூசியதுபோலத் தண்ணீரை ஏற்காது, வட்ட வட்டமாக வறட்டுத் திட்டுகள் தோன்றும். அங்கே தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை, நனைப்பான் மருந்து கலந்து ஊற்ற வேண்டும்.

தெளிப்பது இரவு 10 முதல் காலை 6 வரை. பகலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 2024-இல் என்ன நடந்தது?

ஆழ்துளைக் கிணறு, அணை, மைதானத்துக் குளம், சுத்திகரித்த கழிவுநீர் என்று நான்கு வழி. மேற்கே ஒடெலோகா, பிரவூரா அணைகள். கிழக்கே ஒடெலெய்ட்டே, பெலீஷே. தொடர் வறட்சியால் 2024 தொடக்கத்தில் இவை ஆபத்தான அளவுக்கு வற்றின. பிப்ரவரியில் அரசு எச்சரிக்கை நிலை அறிவித்து, விவசாயத்துக்கு 25 விழுக்காடும், சுற்றுலா உள்ளிட்ட நகரப் பயன்பாட்டுக்கு 15 விழுக்காடும் வெட்டியது. வசந்த மழைக்குப் பிறகு அது தளர்த்தப்பட்டது.

ஆரஞ்சு, அவகாடோ தோப்புக்காரர்கள் மைதானங்களைச் சுட்டிக் கோபப்பட்டது நியாயமான கோபம். அல்கார்வின் மொத்தப் பயன்பாட்டில் விவசாயத்தின் பங்குதான் பெரிது. கோல்ஃபின் பங்கு அதைவிட மிகச் சிறிது. ஆனாலும் குடிநீர்த் தரமுள்ள நிலத்தடி நீரை விளையாட்டுப் புல்லுக்கு ஊற்றுவதை வறட்சிக் காலத்தில் யாராலும் ஞாயப்படுத்த முடியாது. கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும்; ஏறியது எளிதில் இறங்காது.

சுத்திகரித்த கழிவுநீரை எல்லோரும் பயன்படுத்தினால் முடிந்ததே?

அதுதான் போக வேண்டிய திசை, சில மைதானங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. கழிவுநீர் வரத்து கோடையில் பயணிகளோடு சேர்ந்து கூடுகிறது, புல்லின் தாகமும் அப்போதுதான் கூடுகிறது. இவ்வளவு பொருத்தம் வேறு எதிலும் இல்லை. ஆனால் குழாயைத் திருப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் கிரீனை இழப்பார்கள். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலில் உப்பு. கடலோரச் சாக்கடைக் குழாய்களில் கடல்நீர் கசிவதால் இங்கே கழிவுநீரில் உப்பு கூடுதல். உப்பின் அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் பென்ட் புல் வாடத் தொடங்கும்; ரை புல் 6 வரை, பெர்முடா 8-க்கு மேலும் தாங்கும். அதற்கும் மேலே என்றால் கடற்கரைப் பாஸ்பலம் புல்தான். உப்பைக் கழுவி இறக்கத் தேவையைவிடக் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும், வடிகால் நன்றாக இருக்க வேண்டும். கிரீன்களுக்கு மட்டும் நல்ல தண்ணீரும் மற்ற இடங்களுக்குக் கழிவுநீருமாக இரண்டு குழாய் அமைப்பு வைப்பது உத்தமம். பழைய மைதானத்தில் அதற்கு ஆகும் தோண்டல் செலவுதான் பலரைத் தடுக்கிறது.

அடுத்து சோடியம். அது களிமண்ணைப் பிரித்துக் குழைத்து இறுக்கிவிடும். ஜிப்சம் போட்டு, பிறகு கழுவ வேண்டும்.

மூன்றாவது நைட்ரஜன். ஒரு கன மீட்டரில் 15 கிராம் இருந்தால், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10,000 கன மீட்டர் பாய்ச்சும்போது 150 கிலோ நைட்ரஜன் தானாகவே போகிறது. பெர்முடா ஃபேர்வேக்கு அதுவே ஏறத்தாழப் போதும். பழைய வழக்கத்தில் உரமும் போட்டால் புல் கொழுத்து நோய் பிடிக்கும், குளத்தில் பாசி படரும், மிச்சம் நிலத்தடிக்கு இறங்கும். தண்ணீர்ச் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உர மூட்டையைக் குறைக்க வேண்டும். பணமும் மிச்சம்.

ரியா ஃபோர்மோசா பறவைகளுக்கு மைதானங்களால் பாதிப்பா?

ரியா ஃபோர்மோசா 1987 முதல் இயற்கைப் பூங்கா. உப்பங்கழியும் மணல் தீவுகளும் கொண்டது. சான் லொரென்ஸோவும் கின்ட்டா டோ லாகோவும் அதன் விளிம்பில் உள்ளன. பூங்காவின் சின்னமான தாழைக்கோழி, நம் ஏரிகளில் காணும் நீலத் தாழைக்கோழியின் நெருங்கிய உறவு, மைதானத்துக் குளங்களின் கோரைப் புதர்களில் கூடு கட்டுகிறது. நன்னீர்க் குளம் அருகிப்போன இடத்தில் இது நல்ல செய்தி. அதே கழியில்தான் உள்ளூர் மக்கள் மட்டி வளர்த்துப் பிழைக்கிறார்கள். அதனால் தண்ணீர் ஓரத்தில் மருந்தும் உரமும் படாத அகலமான பட்டையை வெட்டாமல் விடுவது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். அந்தப் புதருக்குள் பந்து போனால் தேடி இறங்காதீர்கள்.

போர்ச்சுகல்காரர்கள் ஆடுகிறார்களா?

குறைவு. ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள்தொகை. பதிவுபெற்ற ஆட்டக்காரர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவு. ஆனாலும் 2015-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரான சேலஞ்ச் டூர் தரவரிசையில் முதலிடம் பிடித்த ரிக்கார்டோ மெலோ கூவெயா போன்றவர்கள் வந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சித் திடல் திறந்துவிடும் மைதானங்கள் இன்னும் கூட வேண்டும். பயணிகளை மட்டும் நம்பிய விளையாட்டு ஊருக்குள் வேர் பிடிக்காது.

எந்த மாதம் ஆடப் போகலாம்?

புல், வானிலை, பகல் நீளம் மூன்றும் சேர்ந்து வரும் காலம் ஏப்ரல் பிற்பாதி, மே. விலையும் அப்போது உச்சம். அக்டோபர் வானிலை அருமை, ஆனால் மேல்விதைப்பும் பெருமழையும் குறுக்கிடலாம். 2014 அக்டோபரில் போர்ச்சுகல் மாஸ்டர்ஸ் போட்டியே மழையால் 36 குழிகளோடு முடிக்கப்பட்டது. நவம்பர், டிசம்பர்தான் அதிகம் நனையும் மாதங்கள். ஜனவரி மலிவு; காலைப் பனியால் கிரீன்களில் பந்து மெதுவாக ஓடும்.

ஜூலை, ஆகஸ்டில் ஆடுவதானால் காலை 8 மணிக்குள் தொடங்குங்கள், அல்லது மாலைச் சலுகையில் 4 மணிக்கு மேல். பிற்பகலில் கடற்காற்றும் எழும். 18 குழிக்குத் தலைக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

டிசம்பரில் சூரியன் மாலை 5.15-ஐ ஒட்டி மறைந்துவிடும். ஒரு சுற்றுக்கு நான்கரை மணி நேரம் ஆகும். மதியம் 12.30-க்குப் பிறகு தொடங்கினால் கடைசிக் குழிகள் இருட்டில் போகும்.

முன்பதிவின்போது என்ன கேட்க வேண்டும்?

கிரீன்களில் எப்போது துளையிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மண் இறுக்கத்தைப் போக்க, வசந்தத்தில் ஒருமுறையும் கோடை இறுதியில் ஒருமுறையும் 10 முதல் 12 மி.மீ. பருமனுள்ள துளைகளைக் கிரீன் முழுவதும் போட்டு மணல் நிரப்புவார்கள். 10 முதல் 14 நாள் பந்து குதித்துக் குதித்து ஓடும். மைதானம் கட்டணத்தைக் குறைக்காமலே அந்த நாட்களை விற்கக்கூடும். கேட்டால் தேதியைச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு மின்வண்டி கட்டணத்தில் அடக்கமா, தனியா. ஃபேர்வேக்குள் ஓட்டலாமா, பாதையில் மட்டுமா. நடந்து ஆட அனுமதி உண்டா. மலைப்பாங்கான மைதானங்களில் சில, வண்டியைக் கட்டாயமாக்கியிருக்கும்.

ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணுக்கான சான்றும் கேட்பார்கள்; எண் குறைந்தால் திறமை கூடுதல். 2020 முதல் உலகப் பொது முறையில் உச்ச வரம்பு 54. ஆனால் பெயர்பெற்ற சில மைதானங்கள் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 36 போன்ற பழைய வரம்பையே வைத்திருக்கின்றன. தொலைபேசிச் செயலியில் காட்டினால் போதும் என்றாலும் ஒரு அச்சுப் பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

செலவு எவ்வளவு ஆகும்?

உச்சப் பருவத்தில் நடுத்தர மைதானத்தில் ஒரு சுற்று தோராயமாக 80 முதல் 130 யூரோ. முன்னணி மைதானங்களில் 200 யூரோவைத் தாண்டும். விடுதியும் மூன்று நான்கு சுற்றுகளும் சேர்ந்த தொகுப்பில் சுற்றுக்கான விலை கணிசமாகக் குறையும். முதல் முறை வருகிறவர் எல்லாச் சுற்றுகளையும் பெரிய பெயர்களில் செலவழிக்க வேண்டாம். பெரிய பெயர்களில் இரண்டு போதும். ஒன்று பழைய விலமோரா. குடைப் பைன் மரங்களுக்கு நடுவே நேராக அடிக்கும் திறமையைச் சோதிக்கும். மற்றொன்று வாலே டோ லோபோவின் ராயல் மைதானம். அதன் 16-ஆம் குழியில் செம்மணல் பாறை விளிம்புகளைத் தாண்டி அடிக்க வேண்டும். அந்தப் பாறை மென்மையானது, கடல் அதை அரித்துக்கொண்டே வருகிறது. மீதிச் சுற்றுகளை மலிவானவற்றில் ஆடலாம்.

உடை, மைதான ஒழுங்கு?

காலர் வைத்த சட்டை, கால்சட்டை அல்லது முழங்கால் வரையிலான அரைக்கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டாம். இரும்பு முள் காலணிக்கு அனுமதி இல்லை. பந்து விழுந்து குழிந்த இடத்தைக் கிரீனில் உடனே சரிசெய்யுங்கள்: கவட்டைக் கருவியை ஓரத்தில் குத்தி நடுவை நோக்கித் தள்ள வேண்டும். கீழிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து, அந்த இடம் வாரக்கணக்கில் பழுப்பாக நிற்கும்.

மட்டைப் பையை விமானத்தில் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா?

மூன்று சுற்றுக்கு மேல் என்றால் கொண்டுபோவது லாபம். குறைந்த கட்டண விமானங்களில் கோல்ஃப் பைக்குத் தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட்டோடு சேர்த்து முன்பே வாங்கினால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் அதிகம். நீளமான மட்டைகளின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் பையின் நடுவே துண்டில் சுற்றி வையுங்கள். கழற்ற முடியாவிட்டால், எல்லா மட்டைகளையும்விட ஒரு விரற்கடை உயரமான ஊன்றுகோலைப் பைக்குள் நிறுத்துங்கள், அடி அதன் மேல் விழும். வாடகைக்கு எடுப்பவர் இடக்கை ஆட்டக்காரர் என்றால் வாரங்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

ஃபாரோவிலிருந்து கின்ட்டா டோ லாகோவுக்குக் காரில் 20 நிமிடம். பெனினாவுக்கு ஒரு மணி நேரம். கடற்கரையை ஒட்டி ஓடும் ஏ22 நெடுஞ்சாலையில் மின்னணுச் சுங்கம் 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. வாடகைக் கார் நிறுவனம் இந்தச் சாலைக்காகச் சுங்கக் கருவி வாடகை கேட்டால், அல்கார்வுக்குள் மட்டும் ஓட்டுகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். லிஸ்பனுக்குப் போகும் ஏ2 சாலையில் சுங்கம் இன்னும் உண்டு. நான்கு பேர், நான்கு மட்டைப் பை என்றால் சாதாரணக் கார் போதாது. பின்கதவு உயரமான வேன் வகையைக் கேளுங்கள்.